சமையலறைக் கழிவும் மடு மண்ணும்

ரொறன்ரோவில் வாழும் என் மருமகள், அதாவது என் தமக்கையின் மகள், சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். மடுவுக்கு அருகே பெரியபண்டிவிரிச்சானில் அவளுடைய தாயார் தனித்து வாழும் வீட்டின் குசினியை இடித்துப் புதிதாகக் கட்டுவிக்கிறாள். தரை ஓடு, அலுமாரி, அடுப்பு எல்லாவற்றையும் தெரிவுசெய்தாயிற்று. எஞ்சியிருப்பது ஒன்றுதான். "மாமா, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே பூட்டும் குப்பை அரைக்கும் மெசின் ஒன்றை இங்கிருந்து அனுப்பப் போகிறேன். அரைக் குதிரைவலு போதுமா, முக்கால் வேண்டுமா? நீங்கள் பத்திரிகைக்காரர், நாலு பேரிடம் விசாரித்துச் சொல்லுங்கள். அம்மா இனி வாளியைத் தூக்கிக்கொண்டு வளவின் கோடிக்கு நடக்கக் கூடாது" என்று எழுதியிருந்தாள்.

பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவனிடம் விசாரித்துச் சொல் என்றால் விடுவானா? விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்க, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னர் அவள் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டும் நம்மவர் பலருக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இயந்திரத்தைப் பற்றி. கனடாவில் இதனைக் 'கார்பரேற்றர்' என்பார்கள். தொட்டியின் வாயிலுக்குக் கீழே ஓர் உருளை. அதனுள்ளே மின்மோட்டார் சுழற்றும் ஒரு தட்டு. பலரும் நினைப்பதுபோல அதிலே கூரிய கத்திகள் இல்லை. தட்டின் மேல் அசையும் இரும்புக் கட்டைகள், சுழற்சி வேகத்தினால் எச்சங்களைச் சுற்றுச்சுவரில் உள்ள பற்களோடு மோதவைத்துத் தேய்க்கின்றன. கூழான எச்சம் குழாய்நீரோடு கழிவுக் குழாய்க்குள் இறங்கிவிடும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ராசீன் நகரில் ஜோன் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதனை உருவாக்கினார். 1935இல் காப்புரிமை பெற்றார். 1938இல் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினார். மனைவியின் சமையலறை வேலையைக் குறைக்கவே இதனைச் செய்தார் என்று சொல்வார்கள். நோக்கத்தில் குறையில்லை.

தெரிவுசெய்வோர் பார்க்கவேண்டியவை சில உண்டு. ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்கு அரைக் குதிரைவலு போதும். பெரிய குடும்பத்துக்கு முக்கால் அல்லது ஒன்று. அரைக்கும் பகுதி துருப்பிடிக்காத உருக்கினால் ஆனதாக இருக்க வேண்டும். ஆளி போட்டவுடன் ஓடிக்கொண்டே இருக்கும் வகை ஒன்று. மூடியைப் பூட்டினால் மட்டுமே ஓடும் வகை மற்றொன்று. சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டுக்குப் பின்னையதே பாதுகாப்பு. இவ்வளவும் எந்தக் கடையிலும் சொல்வார்கள்.

கடையில் சொல்லாதவை மூன்று. அவற்றுள் மிகச் சிறியதை முதலில் சொல்கிறேன். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 சுழற்சி. இலங்கையில் 230 வோல்ற், 50 சுழற்சி. அங்கே வாங்கியதை இங்கே நேராகச் சொருகினால் மோட்டார் எரிந்துபோகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வைத்தாலும் சுழற்சி எண் மாறாது. ஆகவே மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஓடாது. எனவே கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே இந்த யோசனை அரைவாசி தோற்றுவிட்டது. ஆனால் 230 வோல்ற் இயந்திரங்களும் விற்பனைக்கு உண்டு என்பதால் இதனை ஒரு தடையென்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது, நாம் எதைச் சமைக்கிறோம் என்பது. இந்த இயந்திரங்களோடு வரும் கைநூலைப் படித்தால் நார் மிகுந்தவற்றைப் போடாதீர்கள், பெரிய கொட்டைகளைப் போடாதீர்கள், கொழுப்பை ஊற்றாதீர்கள் என்று எழுதியிருக்கும். மன்னார்ப் பகுதிக் குசினி ஒன்றில் ஒரு நாள் சேரும் எச்சத்தை எண்ணிப் பாருங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயத் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, மாங்கொட்டை, பனங்கொட்டை, பலாச்சடை, வாழைப்பூ மடல், மீன் செதிள், நண்டுக் கோது, இறால் தலை. இவற்றுள் பாதி அந்தத் தடைப்பட்டியலில் நேராக விழுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இதே மருமகளின் ரொறன்ரோ வீட்டில் தங்கியிருந்தபோது, உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, ஒரு மதியச் சாப்பாட்டின் முருங்கைக்காய்ச் சக்கை முழுவதையும் அதற்குள் தள்ளியவன் நான். நார் சுற்றிக்கொண்டது; இயந்திரம் முனகி நின்றது; குழாய் திருத்துபவர் வந்து கட்டிய பில்லைப் பார்த்தபின் நான் அந்த வீட்டில் பாத்திரம் கழுவ அனுமதிக்கப்படவில்லை. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். மடுவின் வெயிலில் அது எண்ணெய். ரொறன்ரோக் குழாயில் அது மெழுகு.

மூன்றாவதுதான் முக்கியமானது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது?

இந்த இயந்திரம் குப்பையை இல்லாமற் செய்வதில்லை. குப்பையை நீராக்கி இன்னோர் இடத்துக்கு அனுப்புகிறது. அனுப்பப்படும் இடத்தில் அதனை ஏற்றுச் சுத்திகரிக்க ஒரு நிலையம் இருந்தால், அங்கே படியும் சேற்றிலிருந்து எரிவாயு எடுக்கும் வசதியும் இருந்தால், இது நல்ல ஏற்பாடே. இருபதாம் மாடியில், ஒரு பிடி மண்ணும் இல்லாத வீட்டில் வாழ்பவர் இதனை வாங்கினால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இயந்திரம் பிறந்த நாட்டிலேயே எல்லா ஊரும் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. நியூயோர்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இதற்குத் தடை இருந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் ஓடும் பழைய நகரம் அது. பெருமழையில் சாக்கடை நிரம்பினால் அத்தனையும் ஆற்றுக்குள் போகும் என்ற அச்சமே காரணம். ரொறன்ரோவிலும் அத்தகைய ஒற்றைச் சாக்கடை உள்ள பகுதிகளில் இதற்கு அனுமதி இல்லை. அங்கே மாநகரம் பச்சை வாளி ஒன்றை வீடுதோறும் கொடுத்து, உணவு எச்சத்தைத் தனியே சேகரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உக்கும் கழிவைத் தனியே சேகரிப்பது அல்லது வீட்டிலேயே உக்கவைப்பது 2024ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. அதாவது, பணமும் பொறியியலும் மிகுந்த நாடுகள் பலவும் உணவு எச்சத்தை நீரோடு கலக்காமல் தனியே வைத்திருக்கும் வழியை நோக்கியே நடக்கின்றன.

இலங்கைக்கு வருவோம். நிலத்தடிச் சாக்கடை என்று சொல்லத்தக்கது கொழும்பிலும் இன்னும் சில இடங்களிலுமே உண்டு. கொழும்பின் சாக்கடை நூறு ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டது. அதன் நீர் நெடுங்காலம் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீட்டிய குழாய்கள் வழியே போய்ச் சேர்ந்தது. மற்றெல்லா ஊர்களிலும் வீட்டுக்கு வீடு மலக்குழிதான். குசினித் தண்ணீரோ வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்குப் போகும்.

பெரியபண்டிவிரிச்சான் வீட்டில் அந்த இயந்திரத்தைப் பூட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். குழாயை மலக்குழிக்குத் திருப்பினால், அரைத்த எச்சம் குழியின் அடியில் சேறாகவும் மேலே ஆடையாகவும் படிந்து, பல ஆண்டுகள் தாங்கவேண்டிய குழியை விரைவில் நிரப்பிவிடும். இக்காரணத்துக்காகவே, மலக்குழி உள்ள வீடுகளில் இதனைத் தவிர்க்குமாறு, அல்லது மிகக் குறைவாகப் பயன்படுத்துமாறு, அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகமே தன் மக்களுக்கு அறிவுரை சொல்கிறது. குழாயை வாழைப் பாத்திக்கே விட்டுவைத்தால், மீன் தலையும் சோறும் கூழாகி நாற்றமெடுக்கும், இலையான் மொய்க்கும், நுளம்பு பெருகும்.

அதே வளவில்தான் என் தமக்கை குடிக்கும் கிணறும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளுக்கு நேர்ந்தது நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், நெருக்கமாக வெட்டிய மலக்குழிகளும் சுண்ணக்கல் நிலத்தினூடே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று அளவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே கொண்டுபோய்விட்டன. கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும் பொருள் அது. நீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. மேலும், இந்த இயந்திரம் ஓடும்போதெல்லாம் குழாய்நீரும் ஓட வேண்டும். மாரி மழையை நம்பி ஆண்டு முழுதும் வாழும் வறண்ட வலயத்தில், ஆடி ஆவணியில் கிணற்றடியைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"சரி மாமா, மெசின் வேண்டாம். அப்படியானால் முன்புபோல வளவின் கோடியில் கொட்டுவதா?" என்று மருமகள் கேட்பாள். கேட்கவும் வேண்டும். ஏனென்றால், நம்முடைய பழைய முறையும் பழையபடி இல்லை.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு குப்பைக்கிடங்கு ஒன்று இருந்தது. கழுநீர் மாட்டுக்கு, மிச்சச் சோறு கோழிக்கு, தோலும் சக்கையும் சாம்பலோடு கிடங்குக்கு. மாரி தொடங்குமுன் வெட்டி எடுத்தால் அது பசளை. பிறகு சொப்பிங் பை வந்தது. கறி வாங்கிய பையிலேயே எச்சத்தைக் கட்டி எறியும் பழக்கமும் வந்தது. மாடு போயிற்று, கோழி போயிற்று, கிடங்கு மாத்திரம் எஞ்சியது. உக்குவதும் உக்காததும் கலந்த அந்தக் கிடங்கு பசளை தருவதில்லை, நாற்றம்தான் தருகிறது.

அந்தக் கலப்பு வீட்டுக்கு வெளியே போனால் என்னவாகும் என்பதை இந்த நாடு கண்டிருக்கிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் உணவு மணத்துக்கு வந்து பிளாஸ்ரிக்கையும் சேர்த்து விழுங்கிய யானைகளில் ஏறத்தாழ இருபது, எட்டு ஆண்டுகளில் இறந்ததாக 2022இல் செய்திகள் வந்தன. மன்னார் நகரில் தெருவோரக் குப்பையைக் கிளறும் கழுதைகளை அங்கு போய்வந்த எவரும் பார்த்திருப்பர். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மலையில் ஒரு பங்கு நம் எல்லோருடைய குசினிகளிலும் இருந்து போனது. இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய கழிவே.

மடுவில் இந்தக் கவலை இன்னும் கூர்மையானது. சுற்றிலும் காடு. மடு வீதிச் சரணாலயம் 1968இல் பிரகடனமானது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பழுத்த பலாவின் மணமும் வாழைத்தோலின் மணமும் யானைக்கு அழைப்பிதழ். திறந்த குப்பை எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது நம் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. மதபேதமின்றிச் சிங்களவரும் தமிழரும் அந்த மண்ணை ஒரு சிட்டிகை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மண்ணிடம் பாதுகாப்பு வேண்டுகிற நாம் அந்த மண்ணில் எதைப் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. 1990இல் போர் மூண்டபோது அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. செய்தி சேகரிக்கப் போன நான், மடுக் கோயிலைச் சுற்றி ஓலைக் குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் வாழ்வதைக் கண்டேன். ஒரு குடிசைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு குழி. அந்த வீட்டு அம்மா பருப்புக் கழுவிய நீர், வெங்காயத் தோல், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் அதிலே போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு கை மண்ணால் மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூடப்பட்டிருந்த பழைய குழியின் மேலே ஒரு பூசணிக்கொடி படர்ந்து காய்த்திருந்தது. "திரும்பிப் போகும்வரைக்கும் சாப்பிட வேணுமே தம்பி" என்றார். எல்லாவற்றையும் இழந்து வந்தவர் ஒரு பிடி தோலைக்கூட இழக்கத் தயாராக இல்லை. அன்றைக்கு அதனைச் செய்தியாக எழுத எனக்குத் தோன்றவில்லை. குண்டும் சாவும் மாத்திரமே செய்தி என்று நினைத்த காலம்.

ஆகவே மருமகளுக்கு நான் சொல்லும் தெரிவு இதுதான். குசினிப் பின்வாசலுக்கு நாலு எட்டுத் தள்ளி, கிணற்றுக்கு எதிர்ப்புறமாக, அடி திறந்த, மூடியுள்ள கூட்டெருத் தொட்டி இரண்டு. கொங்கிறீற்று வளையமாகவும் இருக்கலாம். உள்ளூராட்சி மன்றங்கள் பல இடங்களில் வழங்கிய பிளாஸ்ரிக் தொட்டியாகவும் இருக்கலாம். அடியில் எலி புகாமல் கம்பிவலை. ஒரு பங்கு பச்சை எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. காடு சூழ்ந்த ஊரில் சருகுக்கா பஞ்சம்? சருகு சேர்ந்தால் காற்றோட்டம் கிடைக்கும். காற்றோட்டம் இருந்தால் நாற்றம் இராது. குவியலின் உட்புறம் 55 பாகைக்கு மேல் சூடேறினால் களை விதையும் கிருமியும் மடியும். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டும். மூன்று நாலு மாதத்தில் முதலாவது மண்ணாகியிருக்கும். மீன் கழிவையும் நண்டுக் கோதையும் மாத்திரம் தொட்டியில் போடாமல், தென்னையடியில் ஒன்றரை அடி ஆழத்தில் சாம்பலிட்டுப் புதைத்துவிடுவது நல்லது.

இது கற்பனைத் திட்டம் அன்று. கேரளத்தின் ஆலப்புழை நகரம், 2012இல் தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய ஊர்மக்கள் மறித்துப் போராடியபின், வீட்டுக்கு வீடு குழாய்த் தொட்டியும் சிறு எரிவாயுக் கலனும் கொடுத்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டது, 2017இல் ஐ.நா. சூழல் அமைப்பு அதனை முன்மாதிரி நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. புனேயில் ஆனந்த் கார்வே என்ற அறிஞரின் நிறுவனம் உணவு எச்சத்தில் இயங்கும் சிறு எரிவாயுக் கலனை வடிவமைத்து 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. மருமகளுக்குச் செலவழிக்கும் ஆசை அடங்கவில்லையென்றால் அப்படியொரு கலனை வைக்கட்டும். முழுச் சமையலுக்கும் அது போதாது. தேநீருக்கும் சிறு சமையலுக்கும் உதவும். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்ற நாடு இது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, கூட்டெருவுக்கு எங்கே போவது என்று கமக்காரர் கலங்கிய நாடும் இதுவே. இரண்டையும் கண்டபின்னரும் அந்தச் சரக்கை அரைத்துக் குழாயில் விடுவது எந்த வகை அறிவு?

ஆனால் மருமகளின் மின்னஞ்சலில் ஒரு வரியை நான் தாண்டிப் போக முடியாது. "அம்மா இனி வாளியைத் தூக்கக் கூடாது." எழுபதைத் தாண்டிய முழங்கால்களைப் பற்றிய வரி அது. இயந்திரத்தின் மீதுள்ள மோகம் என்று அதனைத் தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. நம் வீடுகளில் அந்த வாளியைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கியவர்கள் பெண்கள். கிடங்கின் பெருமையைப் பேசும் என்னைப் போன்ற ஆண்கள் அதனைத் தூக்கியதில்லை. அந்தச் சுமைக்கு விடையில்லாமல் இயற்கை, மரபு என்று உபதேசம் செய்தால், ஹாம்ஸ் என்ற அந்த அமெரிக்கரே நம்மைவிட மேல். அவராவது மனைவியின் சிரமத்தைக் கண்டார்.

எனவேதான் தொட்டி கோடியில் அல்ல, பின்வாசலருகில் என்றேன். இடுப்புயரத்தில், குனியாமல் போடக்கூடியதாக. வாளி அல்ல, மூடியுள்ள ஒரு சிறு பேணி. கிளறுவதும் வெட்டி எடுப்பதும் மாதம் ஒருமுறை வேலை. அதற்குக் கூலிக்கு ஆள் கிடைப்பார். இயந்திரத்தின் விலையில் பல ஆண்டுக் கூலியைக் கொடுத்துவிடலாம். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வேலையை நான் செய்வதாகத் தமக்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீயோ?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் உரியவனே.

திருவிழா என்றதும் இன்னொன்று. ஆவணியில் மடுவுக்கு வரும் இலட்சக்கணக்கான மக்களுள் பலர் நாட்கணக்கில் கூடாரமடித்துச் சமைத்துண்கிறார்கள். ஒவ்வொரு கூடாரமும் ஒரு குசினி. வந்த அன்றே ஒரு சிறு குழி வெட்டி, எச்சத்தை மாத்திரம் அதில் இட்டு, போகும் அன்று நன்றாக மூடிவிட்டு, பிளாஸ்ரிக்கை வந்த வண்டியிலேயே திருப்பி எடுத்துச் செல்வதற்கு எந்தத் திணைக்களத்தின் உத்தரவும் தேவையில்லை. மடு மண்ணைச் சிட்டிகையாக எடுத்துப் போகிறவர்கள் அதற்குச் செய்யக்கூடிய பிரதி உபகாரம் அது.

மருமகளுக்குப் பதில் எழுதிவிட்டேன். குதிரைவலு எதுவும் வேண்டாம், நல்ல மண்வெட்டி ஒன்று மன்னாரிலேயே வாங்கலாம் என்று. அவளிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: "சரி மாமா. ஆனால் ஆவணிக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். போனதற்குப் படம் அனுப்ப வேண்டும்."